குடத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்: வீட்டிலேயே வடிகட்டும் முறை



இந்தப் பாடத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டில் மாமியார், மாமனார் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் என்பது வீட்டில் எல்லோருடைய விஷயமும்தான்.

ஒரு வீட்டில் நடந்தது

ஒரு கோடைக்காலத்தில் கிராம சுகாதார செவிலியருடன் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். போர் தண்ணீர்தான் அந்த ஊருக்கு. நான்கு மாதக் குழந்தை ஒன்றுக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் மடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு புதுப் பால்புட்டி.

"ஏம்மா, தாய்ப்பால் கொடுக்கலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கணவர்தான் பதில் சொன்னார்.

"மேடம், நான் ஒண்ணும் தப்பு செய்யல. தாய்ப்பால்லயே பிளாஸ்டிக் இருக்குதாம். போன்ல வீடியோ வந்துச்சு. புள்ளைக்கு வெஷம் போகக் கூடாதுன்னுதான் டவுனுக்குப் போயி நல்ல பாட்டிலா பார்த்து வாங்கியாந்தேன். பவுடரும் ஒசத்தியானதுதான்."

மாமியார் திண்ணையிலிருந்து, "நாங்கல்லாம் சங்குலதான் ஊத்தினோம். சொன்னா யாரு கேக்குறா?" என்றார்.

நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளை மேல் பிரியம் இல்லாதவர் கூலிக்காசைப் போட்டு புட்டியும் பவுடரும் வாங்க மாட்டார். அவர் கேட்டது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மீதிப் பாதியையும் சொல்வதற்கே இந்தப் பாடம். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நுண் பிளாஸ்டிக் என்றால் என்ன?

ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துணுக்கை நுண் பிளாஸ்டிக் என்கிறோம். விஞ்ஞானிகள் இதை மைக்ரோபிளாஸ்டிக் என்பார்கள். ஒரு அரிசியின் நீளத்துக்கும் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து நாட்டில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004-ம் ஆண்டில் கடற்கரை மணலில் இவை கிடப்பதைக் காட்டினார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

ஐந்து மில்லிமீட்டர் துணுக்கு கண்ணுக்குத் தெரியும். அதை நாமே எடுத்துப் போட்டுவிடலாம். தொல்லை கொடுப்பது கண்ணுக்குத் தெரியாதவைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரானுக்கும் சிறிய பிளாஸ்டிக்கூட தண்ணீரில் உண்டு.

இவை எங்கிருந்து வருகின்றன? நம் ஊரையே சுற்றிப் பாருங்கள்.

வேலியில் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பை வெயிலில் காய்ந்து, தொட்டால் பொடியாகிறது. அது மண்ணில் விழுந்து, மழையில் ஓடி, குளத்துக்கும் கிணற்றுக்கும் போகிறது. பழைய பிளாஸ்டிக் குடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சாயப் பொடி துணியில் ஒட்டும். கிணற்றில் நைலான் கயிறு உருளையில் தேயும்போது நார் உதிர்கிறது. பாலியஸ்டர் சேலையும் சட்டையும் துவைக்கும்போது நூல்துகள் கழன்று தண்ணீரில் கலக்கிறது. வண்டி டயர் ரோட்டில் தேய்ந்து தூசியாகிறது. குப்பையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் அது ஒழிந்துவிடுவதில்லை. பாதி எரிந்த துணுக்கு சாம்பலோடு கிடந்து, அடுத்த மழையில் ஓடைக்குப் போகும். கொளுத்தும்போது வரும் புகை வேறு கெடுதல்.

"அப்படின்னா கேன் தண்ணி வாங்கிட்டாப் போச்சு"

இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். 2018-ம் ஆண்டில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரடோனியா கல்லூரியில் 259 தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தார்கள். அவை 9 நாடுகளில் வாங்கப்பட்டவை. நம் இந்தியாவும் அதில் உண்டு. நூற்றுக்கு 93 பாட்டில்களில் நுண் பிளாஸ்டிக் இருந்தது. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இன்னும் நுட்பமான கருவியால் அமெரிக்காவில் விற்கும் மூன்று கம்பெனித் தண்ணீரைப் பார்த்தபோது, ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 துணுக்குகள் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை.

ஆகவே காசு கொடுத்து வாங்கினால் பிளாஸ்டிக் இருக்காது என்று எண்ண வேண்டாம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் அடைத்து, வெயிலில் லாரியில் வந்து, மூடியைத் திருகித் திறக்கும் தண்ணீர் அது.

இதனால் உடம்புக்கு என்ன கெடுதல்?

தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

2019-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நுண் பிளாஸ்டிக் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. இப்போது தண்ணீரில் காணப்படும் அளவினால் மனிதருக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆராய்ச்சி இன்னும் தேவை என்று அதில் சொன்னார்கள். தண்ணீரில் உள்ள நோய்க்கிருமிகளை ஒழிப்பதே முதல் வேலை என்றும் அழுத்தமாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு சில சேதிகள் வந்தன. இத்தாலி நாட்டில் 6 தாய்மார்களின் நச்சுக்கொடியைச் சோதித்ததில் 4 பேரிடம் நுண் பிளாஸ்டிக் காணப்பட்டது என்று 2021-ல் வெளியாயிற்று. 2024 மார்ச்சில் அதே நாட்டு மருத்துவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்புக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 257 பேரைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கொழுப்பில் 150 பேருக்குப் பிளாஸ்டிக் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருஷத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்பட்டன. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அலட்சியம் செய்யத்தக்க சேதியும் அல்ல.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: நடுங்க வேண்டாம். சுலபமாகக் குறைக்க முடிந்ததைக் குறைப்போம். கிருமியைக் கொல்லும் வழியே பிளாஸ்டிக்கையும் குறைக்கும் வழியாக இருந்துவிட்டால் இரட்டை லாபம் அல்லவா? அப்படி ஒரு வழி இருக்கிறது. அது உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

சட்டியில் படியும் வெள்ளை உப்பு செய்யும் உதவி

போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு ஏடு படிகிறது. "உப்புத் தண்ணி, பாத்திரத்தையே கெடுக்குது" என்று சலித்துக்கொள்வோம். அது சுண்ணாம்புச் சத்து. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கொதிக்கும்போது கரைய முடியாமல் திரிந்து வெளியே வருகிறது.

2024 பிப்ரவரியில் சீன நாட்டில் குவாங்சோ மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் ஜினான் பல்கலைக்கழகத்தாரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் கலந்த கடின நீரை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டினார்கள். கொதிக்கும்போது திரியும் சுண்ணாம்பு, மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டியதுபோல் அவற்றைச் சிறைபிடித்துக் கீழே இறக்கிவிடுகிறது. தனியாக இருந்தால் எந்தத் துணியிலும் நிற்காத துணுக்கு, சுண்ணாம்போடு சேர்ந்து பெரிதாகி வடிகட்டியில் நிற்கிறது.

எவ்வளவு குறைந்தது தெரியுமா? லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 100-க்கு 90 பங்கு போயிற்று. 180 மில்லிகிராம் உள்ளதில் 84 பங்கு. 80 மில்லிகிராம் உள்ளதில் 34 பங்கு. கடினம் மிகக் குறைந்த மெல்லிய நீரிலும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. குடிநீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பது நம் இந்தியத் தர நிர்ணயம். நம் மாவட்டங்களில் எத்தனையோ போர்களின் நீர் இந்தக் கணக்குக்குள் வரும் கடின நீர்தான்.

உங்கள் தண்ணீர் கடின நீர்தானா என்று அறிய லேபரட்டரி வேண்டாம். சோப்பு நுரைக்கவில்லை, துவரம்பருப்பு வேக நேரமாகிறது, காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை ஏடு கட்டுகிறது. இந்த மூன்றும் இருந்தால் கடின நீர்தான். மூன்றில் முக்கியமானது வெள்ளை ஏடு. ஏடு நன்றாகப் படிகிற தண்ணீரில்தான் இந்த முறை நன்றாக வேலை செய்யும்.

பழைய சேலையின் பெருமை

"வடிகட்ட என்ன மெஷின் வாங்கணும்?" என்று கேட்பீர்கள். ஒரு மெஷினும் வேண்டாம். நூல் சேலை போதும்.

வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் காலரா அதிகம். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அம்மையாரும் அவருடைய குழுவினரும், அங்குள்ள கிராமத்துப் பெண்களிடம் பழைய சேலைத் துணியை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்து, குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள். 65 கிராமங்களில் நடந்த அந்த முயற்சியின் முடிவு 2003-ல் வெளியாயிற்று. அப்படிச் செய்தவர்களிடம் காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் நல்லது என்றும் கண்டார்கள். பல தடவை துவைத்து நூல் உப்பியதால் கண் சின்னதாகிவிடுகிறது. நாலு மடிப்பில் சுமார் 20 மைக்ரான் அளவு வரை நிற்கும்.

கவனியுங்கள்: நூல் சேலை, கதர் வேட்டி, மல் துணி ஆகியவைதான் ஆகும். பாலியஸ்டர், நைலக்ஸ் துணியால் வடிகட்டினால் அதுவே நார் உதிர்க்கும். பிளாஸ்டிக் டீ வடிகட்டியும் வேண்டாம். அதிலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றவே கூடாது.

செய்முறை

1. தண்ணீர் பிடிக்கும்போதே நாலு மடிப்பு நூல் துணியைக் குடத்தின் வாயில் போட்டுப் பிடியுங்கள். தூசி, பெரிய நார், பூச்சி எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

2. எவர்சில்வர் குண்டானில் ஊற்றி, மூடிவைத்துக் காய்ச்சுங்கள். குமிழி விட்டுத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஐந்து நிமிஷம் கொதிக்க வேண்டும். வெறுமே சுட்டுவிட்டு இறக்கினால் கிருமியும் சாகாது, சுண்ணாம்பும் முழுதாகத் திரியாது.

3. அடுப்பை அணைத்து, மூடியபடியே அசைக்காமல் வையுங்கள். ராத்திரி காய்ச்சி வைத்தால் விடிகாலையில் வடிக்கலாம். அவசரப்பட்டுக் கலக்கினால் கீழே இறங்கியது மறுபடி மேலே வந்துவிடும்.

4. இதற்கென்று தனியாக வைத்த, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்த இன்னொரு நூல் துணியை நாலாக மடித்து, குடிநீர்ப் பானையின் வாயில் கட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கட்டுங்கள். காய்ச்சின தண்ணீரை அழுக்குத் துணியில் வடித்தால் காய்ச்சினது வீண்.

5. தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீரை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கும் சுண்ணாம்பும் அதில்தான் இருக்கிறது. அதைக் குடிக்க, சமைக்க வேண்டாம். பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

6. குடிநீரை மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடிவையுங்கள். கைப்பிடி நீண்ட கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். டம்ளரை உள்ளே விட வேண்டாம்.

7. துணியைத் தினமும் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். குண்டானில் கட்டிய ஏட்டைப் புளி போட்டு, தேங்காய் நாராலோ பீர்க்கங்கூட்டாலோ தேயுங்கள். பிளாஸ்டிக் நார் போட்டுத் தேய்த்தால் விரட்டினதை நாமே திரும்பக் கூப்பிட்டதுபோல் ஆகும்.

வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் இப்படிக் காய்ச்ச கேஸுக்கும் விறகுக்கும் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அப்படியானால் முதலில் கர்ப்பிணிக்கு, பால் கொடுக்கும் தாய்க்கு, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. வசதிப்பட்டால் மற்றவர்களுக்கும். விறகடுப்பானால் புகை வெளியே போக வழி இருக்க வேண்டும். கைக்குழந்தையை அடுப்படியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த முறை எதைச் செய்யாது?

காய்ச்சினால் கிருமி சாகும். சுண்ணாம்போடு பிளாஸ்டிக் பெரும்பகுதி இறங்கும். ஆனால் ஃபுளூரைடு, நைட்ரேட் போன்ற கரைந்த பொருள்கள் போகமாட்டா. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை இன்னும் செறிவாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் போர் தண்ணீரில் ஃபுளூரைடு மிகுந்து பல் கறையாவதையும் எலும்பு வளைவதையும் நாம் அறிவோம். அப்படிப்பட்ட ஊரில் போர் தண்ணீரைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரைப் பிடித்து, அதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கலாம்; பஞ்சாயத்தில் சொல்லி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிப் போட வேண்டுமா?

இதில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பித்தளைக் குடம் சுமந்து இடுப்பு ஒடிந்த பெண்களைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் குடம் வாங்கிக்குங்கம்மா, கனம் இருக்காது" என்று மாதர் சங்கக் கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதை முழுக்கத் திருப்பிச் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிப் பெண் பித்தளைக் குடத்தைத் தூக்கி வருவதைக் காட்டிலும், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் வருவதே மேல். அதைவிட மேல், கணவர் போய்த் தூக்கி வருவது.

ஆகவே பிளாஸ்டிக் குடம் தூக்கி வர இருக்கட்டும். சேமித்து வைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் எவர்சில்வரிலோ மண்பானையிலோ மாற்றிவிடுங்கள். குழாயடியில் வெயிலில் வரிசை போட்டு நாள் முழுவதும் குடத்தைக் காயவிடாதீர்கள். வெயிலில்தான் பிளாஸ்டிக் நைந்து உதிர்கிறது. வெளுத்துப்போன, உள்ளே கீறல் விழுந்த குடத்தைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கிணற்றுக்கு நைலான் கயிற்றுக்குப் பதில் தேங்காய் நார்க் கயிறு போடுங்கள்.

சூடும் பிளாஸ்டிக்கும் சேரவே கூடாது

தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டு, டீயைப் பிளாஸ்டிக்கில் குடித்தால் என்ன பிரயோஜனம்? கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேப்பர் கப்பைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். அந்தக் கப்பின் உள்ளே தண்ணீர் ஊறாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 100 மில்லி சூடான நீரை 15 நிமிஷம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் துணுக்குகள் அதில் கலக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்கும், தண்ணீர் பாக்கெட்டுக்கும், தூக்குப் பைக்கும் தடை உண்டு. இருந்தும் கடைகளில் அவை தென்படத்தான் செய்கின்றன. நாம் கேட்காவிட்டால் கடைக்காரர் கொடுக்க மாட்டார். டீக்கும் சாம்பாருக்கும் தூக்குவாளி கொண்டுபோங்கள். வெட்கம் ஒன்றுமில்லை, நம் அப்பன் தாத்தா அப்படித்தான் வாங்கினார்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு

இப்போது அந்தக் கணவருடைய கேள்விக்கு வருவோம். "அப்ப தாய்ப்பால்ல பிளாஸ்டிக் இருக்குன்னது பொய்யா மேடம்?" என்று கேட்டார்.

பொய் இல்லை. 2022-ல் இத்தாலியில் 34 தாய்மார்களின் பாலைச் சோதித்து, 26 பேரின் பாலில் நுண் பிளாஸ்டிக் கண்டார்கள். ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள், இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, அதன் நன்மை இதைவிட எவ்வளவோ பெரிது என்றும் சொன்னார்கள். வீடியோவில் முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் பாலிபுரோபிலின் பால்புட்டிகளைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். புட்டியில் பால் தயாரிக்கும்போது லிட்டருக்கு ஒரு கோடியே 60 லட்சம் துணுக்குகள் வரைகூட உதிர்ந்தன. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு கூடுதலாக உதிர்ந்தது. பிளாஸ்டிக்குக்குப் பயந்து அவர் வாங்கி வந்தது, பிளாஸ்டிக் கொட்டும் புட்டி. அதோடு புட்டியின் ரப்பரில் ஒட்டிய கிருமி வேறு. குழந்தையை ஒரே மாதத்தில் மூன்று தடவை படுக்கவைத்தது அந்தக் கிருமிதான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அக்கினி நட்சத்திர வெயிலிலும் குழந்தைக்குத் தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. அப்போது குடத்துப் பிளாஸ்டிக்கும் குழந்தையின் வாய்க்கு நேராகப் போகாது. புட்டிப்பாலுக்கு விளம்பரமே கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டர் சொல்லி வெளிப்பால் கொடுக்க நேர்ந்தால், கொதிக்கவைத்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சூடு இருக்கும்போதே அதிலேயே பவுடரைக் கலக்கி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். வெந்நீரில் போட்டு எடுத்த பாலாடையால் ஊட்டுங்கள். அந்த மாமியார் சொன்ன சங்கு சரிதான். அதைக் கழுவுவதும் சுலபம், பிளாஸ்டிக்கும் இல்லை.

கேள்வியும் பதிலும்

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் வைத்தால் பிளாஸ்டிக் போகுமா?

பதில்: போகும். அதன் சவ்வில் உள்ள துளை மிகமிகச் சிறியது. ஆனால் ஒரு பங்கு நல்ல தண்ணீருக்காக இன்னொரு பங்குக்கு மேலும் வீணாக வெளியே விடும். சவ்வைக் காலத்தில் மாற்றாவிட்டால் பயன் குறையும். வடிந்த நீரைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்து வெயிலில் வைத்தால் பழைய கதைதான். வசதி உள்ளவர்கள் வைக்கலாம். இல்லாதவர்கள் கடன்பட்டு வாங்க வேண்டிய சாமான் அல்ல.

கேள்வி: தேத்தாங்கொட்டை, முருங்கை விதை போட்டுத் தெளியவைப்பார்களே, அது ஆகுமா?

பதில்: கலங்கல் தெளிய அவை நல்ல பழக்கம். கலங்கலோடு ஒட்டி சில துணுக்குகளும் இறங்கலாம். ஆனால் அவை கிருமியைக் கொல்லா. தெளியவைத்த நீரையும் காய்ச்சத்தான் வேண்டும்.

கேள்வி: செப்புக் குடத்தில் வைக்கலாமா?

பதில்: தண்ணீர் மட்டும் வைக்கலாம். மோர், எலுமிச்சம் சாறு போன்ற புளித்த பொருள் வைக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை புளி போட்டுத் துலக்குங்கள்.

கேள்வி: காய்ச்சின தண்ணீர் ருசியே இல்லையே?

பதில்: மண்பானையில் ஊற்றி ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். நாலு நாளில் பழகிவிடும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்த முறையில் வேலை கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் வேலையும் மனைவியின் தலையில்தான் விழும் என்றால் பத்து நாளில் நின்றுபோகும். வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி தண்ணீர் காய்ச்சி இறக்குவது உங்கள் வேலையாக இருக்கட்டும். காலையில் வடிப்பது அவர் வேலை. பிரித்துக்கொண்டால் இருவருக்குமே பாரம் தெரியாது. அளவான குடும்பத்தில் ஒரு குண்டான் தண்ணீரை இருவரும் சேர்ந்து தயாரிக்க அரை மணிக்கு மேல் ஆகாது.

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்தார்கள். பால் வற்றிவிட்டது என்று அந்தப் பெண் அழுதாள். "வத்தினது ஊறும்மா, புள்ள வாய வச்சா ஊறும்" என்று செவிலியர் தைரியம் சொன்னார். பகலும் இரவும் இரண்டு மணிக்கு ஒரு தரம் மார்பில் விடச் சொன்னோம். இடைப்பட்ட நாளில் பவுடர் பாலைப் பாலாடையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். மாமியார் பூண்டு வதக்கிப் போட்டார், கணவர் தண்ணீர் தூக்கினார். இரண்டு வாரத்தில் பால் போதுமான அளவு ஊறிவிட்டது. அதற்குள் பவுடர் டப்பாவும் காலியாயிற்று; இன்னொன்று வாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, வாசலில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் எவர்சில்வர் குண்டான். கொடியில் நாலு மடிப்பு வேட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. "இப்பல்லாம் வீடியோ வந்தா மொதல்ல நர்சம்மாகிட்ட காட்டிட்டுதான் மேடம்," என்றார் கணவர். பால்புட்டி எங்கே என்று கேட்டேன். எண்ணெய் ஊற்றி, தையல் மெஷினுக்கு வைத்திருக்கிறார்களாம்.

நினைவில் வையுங்கள்

தண்ணீரை ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள், அசையாமல் ஆறவிடுங்கள், நூல் துணியில் வடியுங்கள், அடித்தண்ணீரை விட்டுவிடுங்கள்.

தூக்கி வர பிளாஸ்டிக் குடம். குடிக்க வைக்க மண்பானை.

சூடான எதையும் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள், ஊற்றாதீர்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். எந்தச் சேதி வந்தாலும் அதை நிறுத்தாதீர்கள்.

வயிற்றுப்போக்கு கண்டால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.